மோடிங் செய்த கன்சோலுடன் பல ஆண்டுகள்: ஒரு பயன்பாட்டு அனுபவம்

காசு கொடுத்து வாங்கிய கேம் கன்சோலின் மென்பொருள் பூட்டைத் திறந்து, கஸ்டம் ஃபர்ம்வேர் (நிறுவனம் தராத, மாற்றியமைத்த இயக்க மென்பொருள்) ஏற்றி (இதைத்தான் மோடிங் என்கிறார்கள்), பல ஆண்டுகளாக அதையே வீட்டின் முதன்மைக் கன்சோலாகப் பயன்படுத்தி வருகிறேன். அதில் கிடைத்த நன்மைகளையும் அதற்காக இழந்தவற்றையும் இங்கே பதிவு செய்கிறேன். எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்று குறிப்பிடவில்லை. நான் பட்ட சிரமங்களில் பெரும்பாலானவை பல தயாரிப்பாளர்களின் கன்சோல்களுக்கும் பொதுவானவை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் அலமாரியில் உள்ள கேம்கள் அனைத்தும் நான் வாங்கிய டிஸ்க்குகள். ஆகவே இந்தக் கன்சோலை மோடிங் செய்ததை எவர் பொருளையும் திருடிய செயலாக நான் கருதவில்லை.

மோடிங் பக்கம் நான் போகக் காரணம் டிஸ்க் டிரைவ்தான். வாரன்டி முடிந்து வெகுகாலம் ஆன பிறகு டிரைவ் தடுமாறத் தொடங்கியது. டிஸ்க்கை உள்ளே தள்ளினால் அது சுழலத் தொடங்கும். லேசர் தலை மேலும் கீழும் அசைந்து குவியம் தேடும் மெல்லிய டிக் டிக் ஓசை கேட்கும். சிறிது நேரத்தில் சுழற்சி நின்று, டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்ற செய்தி திரையில் வரும். அந்த மாடலுக்கான பழுதுபார்ப்பை நிறுவனம் அப்போதே நிறுத்தியிருந்ததால், நடுவில் முள் வைத்த டார்க்ஸ் திருகுகளைக் கழற்றி நானே உள்ளே பார்த்தேன். அதே மாடலின் பழைய கன்சோல் ஒன்றிலிருந்து எடுத்த, நன்றாக இயங்கும் டிரைவை இணைத்தேன். டிஸ்க்கை அது உள்ளே இழுத்துக்கொண்டது. ஆனால் கேமை மட்டும் திறக்க மறுத்தது. டிரைவின் கட்டுப்பாட்டுப் பலகையும் மதர்போர்டும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று ஜோடி சேர்க்கப்பட்டிருப்பதே காரணம். பலகையில் பதிந்துள்ள டிஜிட்டல் சாவி பொருந்தாவிட்டால், டிரைவ் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் கன்சோல் அதை அந்நியமாகவே கருதும். இறுதியில், என் பழைய டிரைவின் பலகையைத் தக்கவைத்துக்கொண்டு, லேசர் பகுதியை மட்டும் மற்றதிலிருந்து எடுத்து மாற்றினேன். அது வேலை செய்தது. பலகையே பழுதாகியிருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும்.

இந்த ஜோடிப் பூட்டு நகல் டிஸ்க்குகளைத் தடுப்பதற்காக வைக்கப்பட்டது என்பார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. டிரைவின் ஃபர்ம்வேரை மாற்றி நகல் டிஸ்க்கை அசல் என்று நம்பவைத்த காலம் ஒன்று இருந்தது. ஆனால் அதே பூட்டு, தேய்ந்துபோன ஓர் உதிரிபாகத்தை மாற்றும் உரிமையையும் சேர்த்தே பறித்துவிடுகிறது. அமெரிக்காவில் 1998இன் டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம் டிஜிட்டல் பூட்டைத் திறப்பதையே தனிச் சட்டமீறலாக்கியது. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை விதிவிலக்குகள் பரிசீலிக்கப்படும். 2012இல் கன்சோல்களுக்குப் பொதுவான விதிவிலக்கு கேட்டபோது, திருட்டு கேம்கள் பெருகும் என்று கூறி மறுத்துவிட்டார்கள். 2021இல்தான் கன்சோலின் டிஸ்க் டிரைவைப் பழுதுபார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது; அதுவும், வேலை முடிந்ததும் திறந்த பூட்டை மீண்டும் பூட்டிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதற்கான கருவியை இன்னொருவருக்கு விற்பதற்கு இந்த அனுமதி பொருந்தாது. கலிஃபோர்னியாவில் 2023இல் நிறைவேறிய பழுதுபார்ப்பு உரிமைச் சட்டம் கைபேசிகளையும் வீட்டுச் சாதனங்களையும் சேர்த்துக்கொண்டு, கேம் கன்சோல்களைப் பெயர் சொல்லி விலக்கியது. அந்த விலக்குக்கு நேர்மையான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

டிரைவ் மறுபடி எப்போது கைவிடும் என்று தெரியாத நிலையில், சாலிடர் எதுவும் தேவைப்படாத, மென்பொருள் வழியிலேயே பூட்டைத் திறக்கும் சாஃப்ட்மாட் முறையில் கஸ்டம் ஃபர்ம்வேர் ஏற்றினேன். முதல் மாற்றம், என் டிஸ்க்குகளை ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டது. டிரைவுக்கு வேலையே இல்லாமல் போனதால் அந்த லேசர் இன்றும் உயிரோடு இருக்கிறது. அடுத்து, நான் எதிர்பாராத பயன் ஒன்று கிடைத்தது: மின்விசிறிக் கட்டுப்பாடு. தொழிற்சாலை அமைப்பில், இரைச்சல் கேட்கக் கூடாது என்பதற்காக விசிறியை மெதுவாகவே சுழல விடுகிறார்கள். சிப் நன்றாகச் சூடேறிய பிறகுதான் வேகம் கூடும். கஸ்டம் ஃபர்ம்வேரில் சிப்பின் வெப்பநிலையைத் திரையிலேயே பார்க்கலாம், இதற்கு மேல் போகக் கூடாது என்று வரம்பும் வைக்கலாம். சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிய பிறகு, நீண்ட நேர விளையாட்டின்போது வந்த திடீர் நிறுத்தங்கள் முற்றிலும் நின்றுவிட்டன. இரைச்சல் கூடியது உண்மை. இரவில் விளையாடுபவர்களுக்கு அது தொந்தரவாகத்தான் இருக்கும்; எனக்கு, கன்சோல் பிழைப்பதே முக்கியமாக இருந்தது.

கேமில் எட்டிய முன்னேற்றத்தைப் பதிந்து வைக்கும் சேவ் ஃபைல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சில கேம்களின் சேவ் ஃபைல் வேறு இடத்துக்குப் பிரதி எடுக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். மதர்போர்டு போனால், பல மாதங்கள் விளையாடிச் சேர்த்த அனைத்தும் அதோடு போய்விடும். ஏமாற்று வேலையைத் தடுக்க வைத்த பூட்டு என்றாலும், தனியாக அமர்ந்து ஆடும் கேமில் நான் யாரை ஏமாற்றப் போகிறேன்? இப்போது அவற்றை வழக்கமாக வெளிப்புற டிரைவில் காப்பெடுத்து வைக்கிறேன். இந்த ஒரு வசதிக்காகவே மோடிங் செய்திருக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

பூட்டுகள் காலப்போக்கில் எப்படி உரிமையாளருக்கே எதிராகத் திரும்பும் என்பதற்கு பிளேஸ்டேஷன் 4இன் கடிகார பேட்டரி நல்ல எடுத்துக்காட்டு. டிராஃபிகளை (கேமில் எட்டும் இலக்குகளுக்கான விருதுகளை) வென்ற நேரத்தைச் சரிபார்க்க அந்தக் கன்சோல் உள் கடிகாரத்தை நம்பியிருந்தது. உள்ளே இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்து, சோனியின் நெட்வொர்க்கும் கிடைக்காமல் போனால், டிஸ்க்கில் உள்ள கேம்கூடத் திறக்காது என்பதைப் பயனர்கள் சோதித்துக் காட்டினார்கள். 2021 செப்டம்பரில் வந்த 9.00 அப்டேட் அந்தச் சிக்கலைச் சத்தமில்லாமல் தீர்த்துவைத்தது. அப்டேட் வந்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் நிறுவனம் மனம் வைக்காமல் போயிருந்தால், பேட்டரி தீரும் நாளுக்குப் பிறகு உரிமையாளர்கள் தாங்களே பூட்டைத் திறந்தால்தான் உண்டு என்ற நிலை ஏற்பட்டிருக்கும். கன்சோல்களின் ஆன்லைன் கடைகள் மூடப்படுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. நின்டென்டோவின் வீ யூ, 3டிஎஸ் கன்சோல்களுக்கான கடைகள் 2023 மார்ச்சிலும் எக்ஸ்பாக்ஸ் 360இன் கடை 2024 ஜூலையிலும் மூடப்பட்டன.

இழப்புகளுக்கு வருகிறேன். ஆன்லைன் விளையாட்டை நான் முழுவதுமாகக் கைவிட்டேன். மோடிங் செய்த கன்சோலை நிறுவனத்தின் சர்வரில் இணைத்தால் பேன் ஆகும், அதாவது தடை செய்யப்படும், வாய்ப்பு எப்போதும் உண்டு. பேன் ஆனால் கணக்கில் வாங்கிய டிஜிட்டல் கேம்களும் சிக்கலுக்குள்ளாகும். தானியங்கி அப்டேட்டை நிறுத்திவைத்து, ஒவ்வொரு புதிய கேமும் எந்த ஃபர்ம்வேரை எதிர்பார்க்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஃபர்ம்வேர் ஏற்றும் நடுவில் மின்சாரம் போனால் கன்சோல் பிரிக் ஆகலாம், அதாவது இயங்காத வெறும் பெட்டியாகிவிடலாம். கன்சோலின் மென்பொருள் இருக்கும் நேண்ட் நினைவகத்தின் முழு நகலை முன்பே எடுத்துவைக்காமல் யாரும் இதில் இறங்கக் கூடாது. இணையத்தில் கிடைக்கும் கருவிகளில் எது நம்பகமானது என்று தேர்ந்தெடுக்கவே நிறையப் படிக்க வேண்டியிருக்கிறது. பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஏற்ற வழி அல்ல.

திருட்டு கேம்களைப் பற்றிப் பேசாமல் இந்தப் பகிர்வு நேர்மையாக இருக்காது. மோடிங் செய்பவர்களில் பெரும்பகுதியினர் விலை கொடுக்காமல் விளையாடத்தான் வருகிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. நின்டென்டோ ஸ்விட்சுக்கான கருவிகளை விற்ற டீம் எக்ஸிக்யூட்டர் குழுவைச் சேர்ந்த ஒருவருக்கு, 2022 பிப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. பிறர் உருவாக்கிய கேம்களைத் திருட்டுத்தனமாக ஓடவைக்கும் வசதியையே வணிகமாக்கியவர்களுக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆன்லைன் போட்டியில் ஏமாற்றுபவர்களை நிறுவனம் வெளியேற்றுவதையும் நான் ஆதரிக்கிறேன். சர்வர் நிறுவனத்துடையது; யாரை அனுமதிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அதற்கு உண்டு. என் வீட்டில் இருக்கும் பெட்டி என்னுடையது. அதற்குள் எந்த மென்பொருள் ஓட வேண்டும் என்பதில் நிறுவனத்துக்கு அதே உரிமை கிடையாது.

இந்த எல்லைக்கோட்டைத்தான் நிறுவனங்கள் தொடர்ந்து மீறி வருகின்றன. பிளேஸ்டேஷன் 3 வெளிவந்தபோது, அதில் லினக்ஸ் நிறுவிக்கொள்ளும் ‘அதர் ஓஎஸ்’ வசதியைச் சோனியே வழங்கியது. அந்த வசதியை நம்பி அமெரிக்க விமானப்படை 1,700க்கும் மேற்பட்ட கன்சோல்களை இணைத்து ஒரு சூப்பர் கணினியே அமைத்தது. 2010 ஏப்ரல் 1 அன்று வந்த 3.21 அப்டேட், பாதுகாப்புக் காரணம் சொல்லி, விற்ற பெட்டிகளிலிருந்தே அந்த வசதியை அகற்றியது. அப்டேட்டை ஏற்பது பயனரின் விருப்பம் என்றார்கள்; ஏற்காவிட்டால் ஆன்லைன் விளையாட்டு கிடையாது. லினக்ஸ், ஆன்லைன் இரண்டுக்கும் சேர்த்துத்தான் வாங்கியவர் பணம் கொடுத்தார். பிறகு ஒன்றை வைத்துக்கொள்ள மற்றதை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அதை எதிர்த்து அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கு 2018இல் 37.5 லட்சம் டாலர் உடன்பாட்டுக்கு வந்தது. வாங்கிய பொருளிலிருந்து ஒரு பகுதியைத் தொலைவிலிருந்தே பிடுங்கிக்கொள்ளலாம் என்பதை அந்த நிகழ்வு எல்லாருக்கும் காட்டிவிட்டது. அதன் அடுத்த படியாகவே, 2025 மே மாதத்தில் நின்டென்டோ மாற்றிய பயனர் ஒப்பந்தத்தைப் பார்க்கிறேன். விதிகளை மீறினால் கணக்கை மட்டுமல்லாமல் சாதனத்தையும், முழுமையாகவோ பகுதியாகவோ, நிரந்தரமாகப் பயன்படாமல் செய்யலாம் என்று அது சொல்கிறது. சேவையை மறுப்பதும் பொருளை முடக்குவதும் ஒன்றாகிவிடாது.

நீதிமன்றங்கள் எப்போதும் நிறுவனங்களின் பக்கமே நின்றதில்லை என்பது ஆறுதல் தருகிறது. கேம் ஜீனி என்ற துணைக்கருவி, கேமை வாங்கியவர் தன் வீட்டில் கூடுதல் உயிர்களோடு ஆட உதவியது. அது பதிப்புரிமை மீறல் அல்ல என்று 1992இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிளேஸ்டேஷனுக்கான மாட் சிப் (பூட்டைத் தாண்டவைக்கும் சிப்) விற்றவருக்கு எதிராகச் சோனி நடத்திய வழக்கில், 2005இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் விற்றவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பின்னர் அங்கே சட்டம் கடுமையாக்கப்பட்டபோதும், வெளிநாட்டில் முறையாக வாங்கிய கேமைத் தடுக்கும் பிராந்தியப் பூட்டுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு வழங்கப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014இல், நின்டென்டோ தொடர்பான வழக்கில், பூட்டு தன் நோக்கத்துக்கு அளவானதாக இருக்க வேண்டும் என்றும், மோடிங் கருவி உண்மையில் எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும் என்றும் கூறியது. 2024 அக்டோபரில் அதே நீதிமன்றம், கேமின் நிரலைத் தொடாமல் நினைவகத்தில் உள்ள மாறிகளின் மதிப்பை மட்டும் மாற்றும் துணைக்கருவி, மென்பொருள் பதிப்புரிமையை மீறாது என்று சோனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பூட்டைத் திறந்தாரா என்று கேட்பதோடு நில்லாமல், திறந்து என்ன செய்தார் என்று கேட்கும் இந்தப் போக்கே சரியானது என்று உறுதியாக நம்புகிறேன்.

இதே வழியில் இறங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: நிறுவனம் கைவிட்டுவிட்ட, வாரன்டி முடிந்த, ஆன்லைன் தேவைப்படாத கன்சோல் என்றால் தயங்காமல் செய்யுங்கள், உங்கள் நாட்டுச் சட்டம் பூட்டைத் திறப்பதைப் பற்றி என்ன சொல்கிறது என்று முன்பே படித்துவிடுங்கள். நண்பர்களோடு இணையத்தில் ஆடும் தற்போதைய தலைமுறைக் கன்சோலில் கை வைக்க வேண்டாம். அடுத்து ஒரு கன்சோல் வாங்கும்போது படத்தரத்துக்கு முன்பாக நான் பார்க்கப்போவது மூன்று விஷயங்கள்: டிரைவை நானே மாற்ற முடியுமா, சேமிப்பகம் பொதுவாகக் கடையில் கிடைக்கும் வகையா, சர்வர் இல்லாத நாளில் டிஸ்க் தனியாக ஓடுமா.