மாவுக்கட்டா, ஃபைபர் கட்டா?

எலும்பு முறிந்து வருபவர் பெரும்பாலும் கேட்பது எடை குறைவான கட்டைத்தான். ஆனால் எந்தக் கட்டு என்பதைத் தீர்மானிக்க வேண்டியவை, அடிபட்டு எத்தனை நாள் ஆயிற்று என்பதும் எலும்பை எவ்வளவு நெருக்கமாக அணைத்துப் பிடிக்க வேண்டும் என்பதுமே.

நெதர்லாந்து ராணுவ மருத்துவரான அந்தோனியஸ் மாத்தெய்சன் 1850களின் தொடக்கத்தில் பரவச் செய்த மாவுக்கட்டு, வேதியியலில் எளிமையானது. சூடாக்கி நீரின் பெரும்பகுதியை நீக்கிய ஜிப்சம் தூள், தண்ணீர் பட்டதும் வெப்பத்தை வெளியிட்டு மீண்டும் ஜிப்சமாக இறுகுகிறது. சில நிமிடங்களில் கெட்டிப்பட்டாலும் முழுமையாக உலர ஒன்று முதல் மூன்று நாள் வரை ஆகும். அதுவரை அது பாரம் தாங்காது. இருப்பினும், இறுகும் முன் உள்ளங்கையால் அழுத்தி எலும்பின் வளைவுக்கு ஏற்ப வடிவமைக்க அது இடம் கொடுப்பதுபோல் ஃபைபர் இடம் கொடுப்பதில்லை. இழுத்துப் பொருத்திய முறிவு மீண்டும் விலகிவிடும் என்ற அச்சம் இருக்குமிடத்தில் நான் மாவின் பக்கமே சாய்வேன்.

கண்ணாடியிழை வலையில் பிசின் ஏற்றிய ஃபைபர் கட்டோ இலகுவானது, உறுதியானது, ஒரு மணி நேரத்துக்குள் பாரம் தாங்கக்கூடியது. எக்ஸ்ரேயில் எலும்பை அதிகம் மறைக்காதது. விலை கூடுதல். வீக்கம் வடிந்து, பல வாரங்கள் நடமாட வேண்டிய நிலையில் அதுவே பொருத்தம். அது நனையலாம் என்பது பாதி உண்மைதான்: மேலோடு கெடாது, ஆனால் உள்ளே இருக்கும் வழக்கமான பஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொண்டு தோலை ஊறவைத்துவிடும்.

முதல் சில நாள்களில், வீக்கம் கூடும் வாய்ப்பிருக்கும்போது, இரண்டுமே முழுச்சுற்றாக வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் தாங்கும் மாவுப் பட்டையை வைத்துச் சுற்றுவது பாதுகாப்பானது.

பொருள் எதுவானாலும் நோயாளியைத் தயார்படுத்துவதில் பெரிய வேறுபாடில்லை. என் பார்வையில் அதுவே பொருள்தேர்வைவிட முக்கியமானது. மோதிரத்தையும் வளையலையும் கழற்றி, தோலைத் துடைத்து உலர்த்தி, காயம் இருந்தால் குறித்துக்கொண்டு, விரல்களின் நிறம், உணர்வு, அசைவு, நாடித்துடிப்பு ஆகியவற்றைக் கட்டுக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். மூட்டை உரிய கோணத்தில் நிறுத்திய பிறகே பஞ்சு சுற்ற வேண்டும். சுற்றிய பின் மடக்கினால் பஞ்சு மடிந்து தோலை அழுத்தும். குதிகால், கணுக்கால் போன்ற எலும்பு துருத்தும் இடங்களில் கூடுதல் அடுக்கு தேவை.

இளஞ்சூடு தெரியும் என்று மாவுக்கட்டுக்கு முன்பே சொல்லிவிட்டால் நோயாளி பதற மாட்டார். எரிச்சலாகச் சுட்டால் உடனே சொல்லும்படியும் கேட்டுக்கொள்ள வேண்டும். வெந்நீரில் நனைப்பது, அடுக்குகளை மிகைப்படுத்துவது, இறுகும்போது தலையணையில் புதைத்து வைப்பது ஆகியவை தோலைச் சுட்டுவிடக்கூடும். ஃபைபரில் கவனம் வேறு: தோலிலோ கையிலோ ஒட்டினால் பிசின் எளிதில் போகாது, ஆகவே கட்டுபவர் கையுறை அணிவது கட்டாயம்.

கழற்றும்போதும் வேறுபாடு உண்டு. மாவைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்க முடியும் என்பது கைக்குழந்தைகளுக்குப் பெரிய வசதி. ஃபைபருக்குப் பெரும்பாலும் அதிரும் ரம்பம் தேவைப்படும். அது சுழலாமல் அதிர்வதால் மட்டுமே வெட்டுகிறது என்றாலும், ஒரே இடத்தில் அழுத்தி இழுத்தால் சூடேறித் தோலைக் காயப்படுத்தும்.