டேங்க் கசிவுக்கு உள்ளே “கோட்டிங் ஊற்றித் தருகிறேன்” என்று ஒருவர் வந்தால் விமானத்தைக் கொடுக்காதீர்கள்

ஹோம்பில்ட் விமானம், அதாவது தனி ஆட்கள் வீட்டிலேயே கட்டிய விமானம், வைத்திருப்பவர்களும் செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் இதை முழுக்கப் படித்துவிடுங்கள். 1,850 டாலர் போனது எனக்குப் பெரிதில்லை. இன்ஜின் திணறியபோது பக்கத்து சீட்டில் என் மகள் உட்கார்ந்திருந்தாள், அதுதான் இன்னும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

என்னுடையது ஆர்வி-6. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து வேன்ஸ் நிறுவனம் விற்கும் பாகங்களின் தொகுப்பை, அதாவது கிட்டை, வாங்கி, ஒரு பெரியவர் தன் வீட்டு கராஜில் வருடக்கணக்காக ரிவெட் அடித்துக் கட்டியது. நான் மிச்சிகனில் அவரிடம் வாங்கினேன். இந்த விமானத்தில் இறக்கையின் முன்பகுதியே டேங்க், ஒரு பக்கத்துக்கு 19 கேலன், அதாவது ஏறத்தாழ 72 லிட்டர். உள்ளே தனியாகப் பையோ தொட்டியோ கிடையாது. அலுமினியத் தகடுகள் சேரும் ஒவ்வொரு விளிம்பிலும் ஒவ்வொரு ரிவெட்டிலும் பூசிய பாலிசல்ஃபைடு சீலன்ட்தான், எல்லோரும் ப்ரோசீல் என்பார்களே, அதுதான் பெட்ரோலைப் பிடித்து வைத்திருக்கிறது.

போன வருடம் ஏப்ரலில் இடது இறக்கைக்கு அடியில், விமானத்தின் உடலை ஒட்டிய பக்கம், ஒரு ரிவெட்டைச் சுற்றி நீலக் கறை. சிறிய விமானங்களுக்குப் போடும் 100 எல்எல் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருக்கும், காய்ந்தாலும் கறை நிற்கும், அதனால் கசிவு என்று உடனே தெரிந்துவிட்டது. விமானத்தளத்தில் விசாரித்தபோது ஒருவரைச் சொன்னார்கள். வந்து பார்த்தார், “ஐம்பது டேங்க் பார்த்தவன் நான், பின்பக்கத் தகட்டைத் திறந்து பழைய சீலன்ட்டைச் சுரண்டிப் புதிதாகப் பூசித் தருகிறேன், வலது பக்கத்தையும் சும்மாவே செய்து தருகிறேன்” என்றார். மெக்கானிக் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டதற்கு, எக்ஸ்பெரிமென்டல், அதாவது இப்படி வீட்டில் கட்டிய, விமானத்துக்கு அது தேவையில்லை என்றார். அது உண்மைதான். அமெரிக்கச் சட்டப்படி இந்த வகை விமானத்தில் யார் வேண்டுமானாலும் ரிப்பேர் செய்யலாம், வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கண்டிஷன் இன்ஸ்பெக்ஷனுக்குத்தான் ஏ அண்ட் பி எனப்படும் லைசென்ஸ் பெற்ற மெக்கானிக்கோ, ரிப்பேர்மேன் சான்று வாங்கிய கட்டுநரோ கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சட்டத்தில் உள்ள இடைவெளியில்தான் இப்படிப்பட்டவர்கள் பிழைக்கிறார்கள். நானும் அவர் சொன்னது சரிதானே என்று மேலே எதுவும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

இரண்டு டேங்க்கையும் கழற்றி எடுத்துப் போனார், இரண்டு வாரத்தில் திரும்ப மாட்டினார். ரொக்கம் வாங்கிக்கொண்டார். ரசீது இல்லை, லாக் புக்கில் ஒரு வரி இல்லை, உள்ளே வேலை செய்ததற்கு ஒரு போட்டோ இல்லை. கறை மட்டும் அதன்பின் வரவில்லை, எனக்கும் அது போதுமாக இருந்தது.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை டேக் ஆஃப் ஆகி 900 அடி ஏறியிருப்போம், இடது டேங்க்கில் ஓடிக்கொண்டிருந்தது, எரிபொருள் அழுத்தம் சரிந்து இன்ஜின் விட்டு விட்டு இழுக்க ஆரம்பித்தது. எலெக்ட்ரிக் பம்ப் ஏற்கெனவே ஆனில்தான் இருந்தது. எந்த டேங்க்கிலிருந்து பெட்ரோல் போவது என்று மாற்றும் செலக்டரை வலது பக்கம் திருப்பியதும் சில விநாடியில் இன்ஜின் பிடித்துக்கொண்டது, அப்படியே சுற்றி வந்து இறங்கினேன். மகள் “ஏன்ப்பா அதுக்குள்ள இறங்கிட்டோம்?” என்று கேட்டாள்.

டேங்க்குக்குள் பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வலையில் வெள்ளைச் செதில்கள் தோல் தோலாக ஒட்டியிருந்தன. ஸ்லோஷ். டேங்க்குக்குள் ஊற்றி, உருட்டி, மிச்சத்தை வடித்துவிட்டால் சுவரெல்லாம் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும் ஒரு திரவம். ஒரு காலத்தில் கிட் கட்டியவர்கள் நல்லெண்ணத்தோடு நிறையப் பேர் ஊற்றினார்கள். வருடங்கள் போனதும் அது உரிந்து வடிகட்டியை அடைக்கிறது என்று தெரிந்தபின் வேன்ஸ் நிறுவனமே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சுத்தம் செய்யாத சுவரில், பழைய பெட்ரோல் பிசுக்கின் மேல் ஊற்றினால் வருடம்கூட ஆகாது, என் டேங்க்கில் நான்கு மாதம்தான் தாங்கியது. டேங்க்கைக் கழற்றி மேசையில் வைத்துப் பின்பக்கத் தகட்டைப் பார்த்தேன், அதில் ஒரு ஓட்டைகூட இல்லை. கை நுழைய ஒவ்வொரு அறைக்கும் வட்டமாக வெட்டித் திறக்காமல் உள்ளே சுரண்டவே முடியாது. அந்த மனிதர் உள்ளே கையே வைக்கவில்லை.

விமானம் கட்டுபவர்களின் சங்கமான இ.ஏ.ஏ.வில் டெக்னிக்கல் கவுன்சிலர் என்று தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், காசு வாங்குவதில்லை. எங்கள் பகுதியில் உள்ளவர் வந்து அரை நாள் உட்கார்ந்தார். எல்லா வாயையும் அடைத்து, காற்றுக் குழாயில் ஒரு பலூனை மாட்டி, சைக்கிள் பம்ப்பால் மெதுவாகக் காற்று ஏற்றினோம். கம்ப்ரஸர் கூடவே கூடாது, காற்றழுத்தம் 1 பிஎஸ்ஐக்கு மேல் போனால் டேங்க்கே உப்பிவிடும். பலூன் இருந்தால் அது முதலில் வெடிக்கும். வெயில் ஏறினாலும் பலூன் பெரிதாகும், அதனால் பலூனை மட்டும் நம்பாமல் இடம் இடமாகச் சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்தோம். குமிழி வந்த இடம் ரிவெட்டே இல்லை! டேங்க்கில் எரிபொருள் எவ்வளவு என்று அளந்து சொல்லும் சென்ஸரின் தகடு, அதன் கார்க் கேஸ்கெட் காய்ந்து சுருங்கியிருந்தது. பெட்ரோல் அங்கிருந்து தகட்டு மடிப்போரமாக ஓடி ரிவெட் பக்கம் சொட்டியிருக்கிறது. கேஸ்கெட்டைத் தூக்கிப் போட்டு, எம்இகே என்ற கரைப்பான் போட்டுத் துடைத்து, எடைக்கு 10 பங்குக்கு 1 பங்கு கடினமாக்கி கலந்த ப்ரோசீலைத் தகட்டிலும் திருகுகளிலும் பூசி மூடினால் தீர்ந்தது. ஒரு மாலை வேலை.

ஆனால் ஸ்லோஷை எடுப்பது அப்படியில்லை. இடது டேங்க்கின் பின்தகட்டை வெட்டித் திறந்து, எம்இகேயால் ஊறவைத்து, விரலாலும் பிளாஸ்டிக் சுரண்டியாலும் உரித்து, மூடித் தகடுகள் போட்டு முடிக்க ஏழு வார இறுதிகள் ஆயின. “சும்மா” செய்து தந்த வலது டேங்க்கிலும் அதே படலம், அதே உரிசல். அன்று என்னைக் காப்பாற்றியது அந்த டேங்க்தான் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. ஆளுக்குப் போன் செய்தேன், ஒருமுறை எடுத்தார், “பழைய டேங்க் அப்படித்தான்” என்றார், அதன்பின் எடுக்கவில்லை.

உங்கள் விமானத்தில் யாராவது டேங்க் வேலை செய்திருந்தால் இன்றைக்கே மூடியைத் திறந்து, எல்இடி டார்ச் போதும், பொறி வராத பாதுகாப்பான டார்ச்சாக இருக்கட்டும், உள்ளே அடித்துப் பாருங்கள். வெறும் அலுமினியமும் மூலைகளில் கரும்சாம்பல் சீலன்ட்டும் தெரிந்தால் சரி. சுவர் முழுக்கப் பெயின்ட் அடித்த மாதிரி இருந்தால், ஓரத்தில் எங்கேயாவது தோல் எழும்பியிருந்தால், பறக்காதீர்கள். என் வலது டேங்க் இன்னும் ஹேங்கர் மேசையில் பாதி உரித்தபடி கிடக்கிறது.