மாற்றுத்திறனாளிகள் டொய்லட் பேசினுக்கு எந்தப் பைப்: சென்சரா, அமத்திறதா, லீவரா?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு பொதுக் கட்டடம், பேர் வேண்டாம். வாசல்ல சாய்தளம், சுவரில பிடிகம்பி, கதவில வீல் செயார் படம் எல்லாம் வடிவா இருக்கு, உள்ள போய் கை கழுவப் பாத்தா பேசினில பழைய திருகுப் பைப். அணுகல் வசதிக்கான ஒழுங்குவிதி 2006இலயே வந்திட்டுது. போரில கையை இழந்த ஆக்கள் கனபேர் இருக்கிற இடமெல்லோ வன்னி, சோப்பு நுரையோட இருக்கிற ஒற்றைக் கையால அதை எப்பிடித் திருகிறது?

சென்சர் பைப் சுகம்தான், கையை நீட்டினா தண்ணி வரும், விரல் மடக்க ஏலாத ஆளுக்கு இதைவிட என்ன வேணும். ஆனா பற்றரி தீர்ந்தா ஆர் மாத்திறது, கரண்டில ஓடுறதெண்டா கரண்ட் போனா என்ன செய்யிறது? உள்ளுக்க இருக்கிற சின்ன வலையில எங்கட கிணத்துத் தண்ணியின்ர சுண்ணாம்பு பிடிச்சா அதோட சரி. மற்றது, தண்ணித் தாங்கி பைப்பைவிட 5 மீற்றர் உயரத்தில இருந்தாலும் கிடைக்கிறது அரை பார் (bar) அமுக்கம்தான், பெட்டியில எவ்வளவு அமுக்கம் கேக்குதெண்டு பாக்காமல் வாங்காதேங்கோ.

அமத்தினா வந்து தானா நிக்கிற பைப்பில தண்ணி மிச்சம், மோட்டர் போட்டுத் தண்ணி ஏத்திற இடத்துக்கு அது பெரிய விசயம். எனக்கெண்டா பிடிக்கேல்ல. மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்காவின்ர ஏடிஏ (ADA) சட்ட விதியில, அமத்திற பலம் 5 றாத்தலுக்கு மேல போகக்கூடாது, தண்ணி குறைஞ்சது 10 செக்கன் ஓடோணும் எண்டிருக்கு. நான் பாத்ததுகள் கல்லு மாதிரி இறுக்கம், சோப்புக் கழுவ முதலே நிண்டிடும், அழுக்கு அடைச்சா மற்றப் பக்கம், நிக்கவே நிக்காது.

அதால நான் லீவர் பக்கம்தான். நீட்டுக் கைப்பிடி, கால்வாசிச் சுத்திலயே திறக்கும், உள்ளுக்க தண்ணியைத் திறந்து பூட்டுறது செரமிக் தட்டு. முழங்கையாலயோ மடக்கின கையாலயோ தட்டினாப் போதும், கரண்டும் வேண்டாம். பூட்டாமல் போற ஆக்கள் இருப்பினம், உண்மைதான், அதுக்கு பேசினுக்குக் கீழ தண்ணியைக் கூட்டிக் குறைக்க இருக்கிற அங்கிள் வால்வைக் கொஞ்சம் குறைச்சு விட்டா வீண்போறது குறையும், வீல் செயாரில இருக்கிற ஆளின்ர மடியில தெறிக்கவும் தெறிக்காது. சுண்ணாம்பு பிடிச்சா இதுவும் இறுகும்தான், பைப் வாங்கேக்கையே அதுக்குப் பொருந்திற காட்ரிஜ் (அந்தச் செரமிக் தட்டு இருக்கிற உள் பாகம்) ஒண்டையும் சேத்து வாங்கி வையுங்கோ, பிறகு தேடினா அதே அளவு கிடைக்கிறது கஸ்ரம்.