பைண்டிங் கோடு: மறைப்பதா, மடித்து வைப்பதா?

நோட் ஜேஎஸ்ஸில் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் மென்பொருள்) கோப்பைப் படிக்கும் வரியில் பிரேக்பாயின்ட் வைத்து, அதாவது ஓட்டம் அங்கே நிற்கும்படி குறித்து, ஸ்டெப் இன்டு (அழைக்கும் ஃபங்ஷனுக்குள் நுழையும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். நீங்கள் எழுதாத ஒரு ஃபைலில் போய் நிற்பீர்கள். அதுதான் பைண்டிங். நீங்கள் கொடுத்த பாதை சரியான வகைதானா என்று சோதித்து, வேலையை அடியில் இருக்கும் சி பிளஸ் பிளஸ்ஸிடம் ஒப்படைக்கிற ஜாவாஸ்கிரிப்ட். ஆப் எழுதுபவருக்கு இது தெரிய வேண்டுமா?

எல்லாமே தெரியட்டும் என்று விட்டால் ஒளிவுமறைவு இல்லை, ஆனால் சலித்துப்போகும். இன்னொரு தொல்லையும் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் வி8 எஞ்சின் ஒரு பிழைக்குச் சாதாரணமாக 10 ஸ்டாக் வரிகளை, அதாவது எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று காட்டும் வரிகளைத்தான் எடுத்து வைக்கும். அந்தப் பத்தும் பைண்டிங்குக்கே போய்விட்டால், உங்கள் ஃபைலின் பெயர் பட்டியலிலேயே வராது. அதைத் திரையில் மட்டும் மறைத்தும் பயனில்லை, விடுபட்ட வரி திரும்ப வராது. வரம்பைக் கூட்ட வேண்டும், அல்லது பிழை உருவாகும்போதே அந்த வரிகளை வெட்ட வேண்டும். நோட் தன் உள் சோதனை ஃபங்ஷன்கள் சிலவற்றை அப்படித்தான் வெட்டுகிறது. அங்கே அது நியாயம். பாதைக்குப் பதில் அன்டிஃபைன்ட் (மதிப்பே இல்லை) வந்தது என்று பிழைச் செய்தியே சொல்லிவிடுகிறது, சோதித்த ஃபங்ஷன் எது என்பது யாருக்கு வேண்டும்?

அதற்காக முழு பைண்டிங்கையும் மறைக்கலாமா? நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மறைத்தோம். மொபைல் ஆப்புக்கான எங்கள் பாலத்தை (ஜாவாஸ்கிரிப்ட்டை ஃபோனோடு இணைக்கும் பைண்டிங்) மினிஃபை செய்து, அதாவது படிக்க முடியாதபடி சுருக்கி, சோர்ஸ் மேப் (சுருக்கிய கோடை மூலக் கோடோடு பொருத்திக் காட்டும் ஃபைல்) இல்லாமல் கொடுத்தோம். ஐஃபோனில் தேதி சரியாக வந்தது, ஆண்ட்ராய்டில் 55,840-ஆம் ஆண்டு என்று வந்தது. ஐஃபோன் பக்கம் நேரத்தை நொடியில் தந்தது, ஆண்ட்ராய்டு பக்கம் மில்லிநொடியில். பாலம் இரண்டையுமே ஆயிரத்தால் பெருக்கிக்கொண்டிருந்தது. ஆப் எழுதிய தம்பி இரண்டு நாள் தன் கோடையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பாவம். தப்பு எங்களுடையது.

மூன்றாவது வழி, மடித்து வைப்பது. குரோமின் டீபக்கரில் (பிழை தேடும் கருவி) இதற்கு இக்னோர் லிஸ்ட் என்று பெயர், முன்பு பிளாக்பாக்ஸ் என்றார்கள். வி.எஸ். கோடு எடிட்டரில் ஸ்கிப்ஃபைல்ஸ். ஸ்டெப் இன்டு பைண்டிங்கைத் தாண்டி உங்கள் கோடிலேயே நிற்கும். குரோமின் கால் ஸ்டாக்கில் மடித்ததைக் காட்டச் சொன்னால் காட்டிவிடும். எந்த ஃபைல்களை மடிக்கலாம் என்பதை நூலகம் எழுதுபவரே சோர்ஸ் மேப்பில் குறித்துத் தரவும் முடியும். என் ஓட்டு இதற்குத்தான்.

பைண்டிங்கை ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதாமலே இருக்கலாமே என்பீர்கள். குரோம் எக்ஸ்டென்ஷன்களின் பைண்டிங் அப்படித்தான் பின்னாளில் சி பிளஸ் பிளஸ்ஸுக்கு மாறியது. ஜாவாஸ்கிரிப்ட் டீபக்கரில் அது தெரியாது, சரி. ஆனால் மேலே சொன்ன தேதிப் பிழை அதற்குள் இருந்திருந்தால், அந்தத் தம்பியால் எட்டிக்கூடப் பார்த்திருக்க முடியாது.

எங்கள் பாலத்துக்கு அப்புறம் சோர்ஸ் மேப் சேர்த்தோம், ஃபோல்டரை இக்னோர் லிஸ்டில் குறித்தோம். ஸ்டாக்கிலிருந்து அடியோடு வெட்டியது வகையைச் சோதிக்கும் ஃபங்ஷன்களை மட்டும்தான்.