‘கியர்பாக்ஸ் போச்சு’ என்றால் உடனே தலையாட்டிவிடாதீர்கள்

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். உள்ளே அறுந்திருந்த ஒரே ஒரு ஒயருக்காக நான் ஒரு புது டிசிஎம்முக்கு, அதாவது கியர் மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கு, பணம் கட்டினேன். கொஞ்சம் அசந்திருந்தால் கியர்பாக்ஸுக்கும் கட்டியிருப்பேன்.

வேகத்தடையில் ஏறி இறங்கியதும் டப்பென்று ஒரு அடி விழுந்தது. என்ஜின் லைட் எரிந்தது. அதற்கப்புறம் வண்டி மூன்றாவது கியரை விட்டு நகரவே இல்லை. நின்று எடுக்கும்போது திணறும். வேகம் பிடித்துவிட்டால் ஒழுங்காக ஓடும். வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் எல்லாம் சரியாகி, அடுத்த குலுக்கலில் திரும்ப அதே கதை. இதற்கு லிம்ப் மோட் என்று பெயர். ஒரு சர்க்யூட் கோளாறாகத் தெரிந்ததும் கியர் மாற்றும் மின் வால்வுகளான சோலினாய்டுகளுக்குப் போகும் கரண்டை டிசிஎம் நிறுத்திவிடும். கரண்ட் இல்லாமலே கிடைக்கிற ஏதாவது ஒரு கியர், பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது, மட்டும் மிஞ்சும். கியர்பாக்ஸைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகினார்கள். பி 0700 என்று ஒரு கோளாறுக் குறியீடு, அவர்கள் பாஷையில் ‘கோடு’, வந்தது. “டிசிஎம் போயிருக்கு சார், மாத்திடலாம்” என்றார் சூப்பர்வைசர். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பி 0700 என்றால் ‘டிரான்ஸ்மிஷன் பக்கம் ஏதோ கோடு பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார்’ என்று என்ஜின் கம்ப்யூட்டர் சொல்வது, அவ்வளவுதான். அதை வைத்து எந்தப் பார்ட்டும் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. டிசிஎம்முக்குள் இருக்கும் இரண்டாவது கோடைத்தான் படிக்க வேண்டும். இவர்கள் படிக்கவில்லை, குறித்தும் வைக்காமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். கோளாறு வந்த நேரத்தில் வண்டியின் வேகம், சூடு எல்லாம் எவ்வளவு இருந்தது என்ற பதிவும் அதோடு போயிற்று. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான்.

டிசிஎம் மாற்றியதும் இரண்டு வாரம் வண்டி நன்றாக ஓடியது. அப்புறம் அதே அடி, அதே மூன்றாவது கியர். திரும்பப் போனபோது ஒரு துளி ஆயிலை விரலில் தொட்டுக் காட்டி, “கருப்பா இருக்கு பாருங்க சார், உள்ள கிளட்ச் எரிஞ்சிருக்கு. பெட்டியை இறக்கணும்” என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நண்பர் ஒருவர் கார் எலக்ட்ரீஷியன் ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனார். அவர் முதலில் ஆயிலை முகர்ந்து பார்த்தார். “நாள்பட்ட ஆயில்னா கறுக்கத்தான் செய்யும் தம்பி. தீஞ்ச வாடை இல்லையே” என்றார். பிறகு பேட்டரி: அணைத்திருக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 14.1. அதில் குறையில்லை. ஸ்கேனரில் டிரான்ஸ்மிஷன் பக்கம் போனதும் பி 0753 வந்தது. ஷிஃப்ட் சோலினாய்டு ஏ, எலக்ட்ரிக்கல்; அதாவது அந்தச் சோலினாய்டின் மின் சர்க்யூட்டில் கோளாறு. கிளட்ச் வழுக்கியிருந்தால் உள்ளே போகும் சுற்றுக்கும் வெளியே வரும் சுற்றுக்கும் கணக்கு ஒத்துவராமல் பி 0730 மாதிரி ஒன்று விழுந்திருக்கும் என்றார். அது இல்லை.

பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு, டிசிஎம் கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்தார். அந்தச் சோலினாய்டு சர்க்யூட்டின் மின்தடை 14 ஓம். “சரியாத்தானே இருக்கு” என்றேன். பதில் சொல்லாமல் இன்னொரு கையால் ஒயர் கட்டை மெல்ல ஆட்டிக்கொண்டே வந்தார். பேட்டரி தட்டுக்கு அடியில் கை போனதும் மீட்டரில் எண் மறைந்து ஓஎல், அதாவது இணைப்பு விட்டுப்போயிற்று, என்று காட்டியது. கையை எடுத்தால் மறுபடி 14. கியர்பாக்ஸ் பக்கக் கனெக்டரில் வைத்து எவ்வளவு ஆட்டியும் 14 அசையவில்லை. அதாவது சோலினாய்டு நன்றாக இருக்கிறது, நடுவில் ஒயர் போயிருக்கிறது. டேப்பைப் பிரித்தார். பிராக்கெட் விளிம்பில் உரசி உரசி ஒயரின் மேல்தோல் தேய்ந்து, உள்ளே செம்பு பச்சை பூத்து, இரண்டு இழைதான் ஒட்டிக்கொண்டிருந்தது. டிசிஎம் மாற்றப் பேட்டரி தட்டைக் கழற்றி மாட்டியபோது கட்டு கொஞ்சம் நகர்ந்திருக்கும், அதனால்தான் இரண்டு வாரம் ஓடியிருக்கிறது என்றார். கெட்ட துண்டை வெட்டிவிட்டுப் புது ஒயர் சேர்த்து, ஸ்லீவ் போட்டு, உரசாமல் தள்ளிக் கட்டினார். முக்கால் மணி நேர வேலை.

உங்கள் வண்டிக்கு இப்படி வந்தால், கோடுகளை அழிக்கும் முன்னால் ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பி 0700 மட்டும் காட்டினால் அடுத்த கோடு என்ன என்று கேளுங்கள். எலக்ட்ரிக்கல் கோடு என்றால், எந்த பின்னில் எத்தனை ஓம் வந்தது, ஒயரை ஆட்டிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். மீட்டரையே எடுக்காதவரிடம் பார்ட் மாற்றச் சம்மதிக்காதீர்கள். கனெக்டரைக் கண்ணெதிரே கழற்றச் சொல்லுங்கள். சில வண்டிகளில் கியர் ஆயிலே ஒயர் வழியாக ஏறிக் கனெக்டருக்குள் வந்துவிடும், மழைத் தண்ணீரும் இறங்கும். மாற்றிய பழைய பார்ட்டை அன்றைக்கே கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் வாங்கவில்லை. அந்த ஒயர்த் துண்டை எடுத்துக்கொண்டு போய், என் பழைய டிசிஎம்மையாவது கொடுங்கள் என்றேன். “அதை ஸ்கிராப்ல போட்டாச்சு சார். எலக்ட்ரிக்கல் பார்ட்டுக்கு ரிட்டர்ன் கிடையாது” என்றார் சூப்பர்வைசர். பில், இரண்டாவது ஸ்கேன், ஒயரின் போட்டோ எல்லாம் சேர்த்து எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.