இரண்டாயிரம் வெள்ளியில் முதல் கேமரா: உறுமி மண்டபத்தில் நான்கையும் வைத்துப் பார்த்தோம்

அக்கா மகள் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த கையோடு சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்த்த காசில் 2,000 வெள்ளியை (ரிங்கிட்) கேமராவுக்கென்று தனியாக எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கைப்பேசியை நீட்டி, "இந்த நாலுல எது மாமா?" என்றாள். கைமாறிய கேனன் 200டி, கைமாறிய நிக்கான் டி3500, கைமாறிய சோனி ஏ6000, புத்தம் புதிய கேனன் ஆர்50. இந்த நான்குதான் அவள் பட்டியல்.

நான்கிலும் படத்தைப் பதியும் சில்லு, அதாவது சென்சார், ஏபிஎஸ்-சி எனும் கிட்டத்தட்ட ஒரே அளவு, நான்குமே 24 மெகாபிக்சலை ஒட்டியவை. ஏ6000 வந்தது 2014இல், 200டி 2017இல், டி3500 2018இல், ஆர்50 2023இல். பட்டப்பகலில் சுண்ணாம்பு மலைகளின் எதிரே ஓர் ஆளை நிற்க வைத்து நான்கிலும் எடுத்து, அச்சடித்து மேசையில் பரப்பினால், எது எதில் எடுத்தது என்று இருபது வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கும் என்னாலும் சொல்ல முடியாது. அதனால் அவளிடம் முதலில் கேட்டது, "நீ எதைப் படம் எடுக்கப் போற?" என்பதுதான்.

தோட்டத்துக் கோயில் திருவிழா, தம்பியின் உறுமி மேளக் குழு, அக்கம்பக்கத்துப் பிறந்தநாள். அப்புறம், விடிவதற்கு முன்னே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரம் சீவப் போகும் பெரியம்மா. அவரை எடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லும்போது அவள் குரல் மாறியது.

பட்டியலைப் பாருங்கள், ஒன்றில்கூட நல்ல வெளிச்சம் இல்லை. திருவிழா இரவில், குழுவின் பயிற்சி ட்யூப் லைட்டின் கீழ், பிறந்தநாள் வீட்டுக்கூடத்தில், பெரியம்மாவோ இருட்டில். இருட்டில் படம் எடுக்கிறவர்களுக்கு என் அனுபவம் சொல்வது ஒன்றுதான். முதலில் லென்ஸைத் தேர்ந்தெடுங்கள், அந்த லென்ஸ் எந்தப் பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா உடலில்) மாட்டுகிறதோ அதை வாங்குங்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காசு முழுவதையும் புதுப் பாடியில் போட்டுவிட்டு, கூடவே வரும் கிட் லென்ஸோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டுகிறார்கள்.

கணக்கு எளிது. கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் அதன் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துவாரம்) எஃப்5.6க்கு மேல் திறக்காது. எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது. எஃப்1.8 லென்ஸ் அதைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எஃப்1.4 என்றால் சரியாகப் பதினாறு மடங்கு. எந்தப் புதுச் சென்சாரும் இந்தப் பத்து மடங்கை ஈடுகட்டாது. 'லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே' என்பார்கள். அது நம் கை நடுக்கத்தை நிறுத்தும், உறுமி அடிக்கிறவரின் கையை நிறுத்தாது.

சரி, வாயால் சொன்னால் போதாது என்று ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கையும் கோயில் மண்டபத்துக்குக் கொண்டு போனோம். 200டி என்னுடையது. டி3500 ஓர் ஆசிரியர் நண்பருடையது. மற்ற இரண்டும் ஈப்போவிலிருந்து இரவல். மண்டபத்தில் இரண்டு ட்யூப் லைட், மேலே தகரக் கூரை. பையன்கள் வட்டமாக நின்று அடிக்கத் தொடங்கினார்கள்.

முதலில் நான்கிலும் கிட் லென்ஸ், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன், கூட்டினால் படத்தில் புள்ளியும் கூடும்) 3200. ஷட்டர் வேகம் மூன்றில் 1/30 நொடியில் நின்றது. ஆர்50 இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது, ஏனென்றால் அதன் 18-45 லென்ஸ் கடைசியில் எஃப்6.3 ஆகிவிடுகிறது. படங்களில் பையன்களின் முகம் ஓரளவு தேறியது. உறுமியின் ஒரு பக்கத் தோலைத் தேய்க்கும் அந்த வளைந்த குச்சி மட்டும் எங்குமே குச்சியாக இல்லை, விசிறி மாதிரி பழுப்பு நிறத்தில் பரவிக் கிடந்தது. நான்கு கேமராவிலும் அதே விசிறி. ஒன்பது வருடம் இளைய கேமராவிலும் அதே விசிறி.

பிறகு நிக்கானில் 35 மி.மீ. எஃப்1.8 லென்ஸை மாட்டினோம் (மி.மீ. எண் கூடக் கூட, படத்துக்குள் வரும் இடம் குறுகும்). 1/250 நொடி கிடைத்தது. குச்சியின் நுனி மட்டும் லேசாக ஓடியிருந்தது. பிடித்த விரல்கள், மணிக்கட்டில் கட்டிய கயிறு, நெற்றி வியர்வை எல்லாம் அப்படியே நின்றன. அவள் அந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இங்கே ஒரு சங்கதி சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய ட்யூப் லைட் நொடிக்கு நூறு தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 1/250இல் எடுத்தால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மஞ்சளடித்தும் வரும். கேமரா கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். நிற்கிறவர்களை 1/100இல் எடுங்கள். ஆடுகிறவர்களை அதே இடத்தில் ஐந்தாறு படம் எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒவ்வொன்றாக.

நிக்கான் டி3500க்காக நான் வாதாடத் தயார். காரணம் அந்த 35 மி.மீ. எஃப்1.8 டிஎக்ஸ் லென்ஸ். 2009இல் வெளிவந்தது, 200 கிராம், அமெரிக்க அறிமுக விலை 200 டாலர். பழைய ஃபிலிம் கேமராவின் கோணத்தோடு ஒப்பிட, நிக்கானின் ஏபிஎஸ்-சி சென்சாரில் 35ஐ ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும், ஏறக்குறைய 52 ஆகும். நம் கண் சாதாரணமாகப் பார்க்கும் அளவு. வீட்டுக்கூடத்தில் நின்றபடியே குடும்பத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவரலாம், ஓரடி முன்னே போனால் ஒரு முகம். இவ்வளவு மலிவாக, இவ்வளவு வெளிச்சத்தோடு, இவ்வளவு வசதியான கோணத்தில் கேனனின் டிஎஸ்எல்ஆர் (200டி போன்ற, உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) பக்கம் கேனனே செய்த லென்ஸ் கிடையாது. பேட்டரியும் அப்படித்தான். நிறுவனம் சொல்லும் சோதனைக் கணக்கு 1,550 படம். ஏ6000க்கு 360தான். விடிய விடியத் திருவிழா எடுக்கிறவருக்கு இது பெரிய வித்தியாசம்.

குறைகளும் இருக்கின்றன. திரை அசையாது, மைக் செருக இடமில்லை, திரையைப் பார்த்து எடுத்தால் ஃபோகஸ் மெதுவாக வரும். பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது என்பதால் ஏஎஃப்-டி வகைப் பழைய லென்ஸ்களை (உள்ளே மோட்டார் இல்லாதவை) கையால்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். 'நிக்கான் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) 1959இலிருந்து இருக்கிறது, எல்லா லென்ஸும் மாட்டும்' என்று விற்கிறவர் சொன்னால், அநேகமாக மாட்டும் என்பது உண்மை, எல்லாமே தானாக ஃபோகஸ் ஆகும் என்பது உண்மையில்லை.

கேனன் 200டியில் திரை வெளியே திரும்பும். கூட்டத்துக்கு மேலே கையைத் தூக்கியும், தரையோடு வைத்துக் கோலத்தையும் எடுக்கலாம். திரையைத் தொட்ட இடத்தில் சட்டென்று ஃபோகஸ் பிடிக்கிறது. மைக்கும் செருகலாம். பிரச்சனை லென்ஸில். எல்லாரும் பரிந்துரைக்கும் 50 மி.மீ. எஃப்1.8 எஸ்டிஎம் அருமையான கண்ணாடி, 2015இல் 125 டாலருக்கு வந்தது, 160 கிராம்தான். ஆனால் கேனனில் 1.6ஆல் பெருக்கினால் அது 80 மி.மீ. ஆகிறது. எங்கள் வீட்டுக்கூடத்தில் அதை மாட்டிக்கொண்டு சுவரோடு முதுகை ஒட்டினேன், கேக் வெட்டும் பிள்ளையும் அம்மாவும் மட்டுமே சட்டத்துக்குள் வந்தார்கள், அப்பா வெளியே. ஒரு முகத்தை எடுக்க இதை அடிக்க ஆளில்லை, முதல் லென்ஸாக இது மட்டும் போதாது. 24 மி.மீ. எஃப்2.8 எஸ்டிஎம் கோணத்தில் சரியாக இருக்கும், தோசைக்கல் மாதிரித் தட்டையாக 125 கிராமில் இருக்கும், கிட் லென்ஸின் எஃப்5.6ஐவிட நான்கு மடங்கு வெளிச்சம் தரும். பத்து மடங்கு தராது.

சோனி ஏ6000இல் 30 மி.மீ. எஃப்1.4 சிக்மா லென்ஸை மாட்டியபோது அன்றைய சிறந்த படம் கிடைத்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த லென்ஸின் அறிமுக விலையே 339 டாலர், கேனன் ஐம்பதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். பாடியில் மிச்சம் பிடித்த காசை லென்ஸ் வாங்கிக்கொள்கிறது. தொடுதிரை இல்லை, சாதாரண மைக் செருக இடமில்லை, கூடுதலாக இரண்டு பேட்டரியாவது வேண்டும். எடை குறைவு என்பதும் நொடிக்கு 11 படம் என்பதும் கூடுதல் நன்மை.

ஆர்50ஐப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நான்கில் ஃபோகஸ் மிகக் கெட்டிக்காரத்தனமானது அதில்தான், கண்ணைப் பிடித்தால் விடாது. 2,000 வெள்ளிக்குள் புதிதாக வராது. கடன் வாங்கி அதை வாங்கினாலும் கையில் இருக்கப்போவது எஃப்6.3 லென்ஸ்தான்.

ஃபிளாஷ் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று. இரண்டாம் நாள் அவள் ஒரு கேனன் 1500டி கேமரா விளம்பரத்தைக் காட்டினாள், விலை கண்ணைப் பறித்தது. கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடுவே வட்டமாக ஓர் உலோகப் புள்ளி இருக்கும். விலை குறைந்த மேனுவல் ஃபிளாஷ்கள் (வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்க வேண்டியவை) அந்த ஒரு புள்ளியை நம்பித்தான் எரிகின்றன. 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகிய மூன்றிலும் கேனன் அந்தப் புள்ளியை எடுத்துவிட்டது. பழைய 200டியில் இருக்கிறது. ஆர்50இல் பழைய ஃபிளாஷ் மாட்ட அடாப்டர் ஒன்று தனியாக வாங்கவேண்டும். பிறந்தநாள் படம் எடுத்துக் காசு பார்க்க நினைக்கிறவர்கள், காசு கொடுப்பதற்கு முன் கேமராவின் தலையைத் தடவிப் பாருங்கள்.

அடுத்து பூஞ்சை. இதைத்தான் நான் கையைப் பிடித்துச் சொல்ல விரும்புகிறேன். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சர்வசாதாரணம். நான் ஒரு தடவை 50 மி.மீ. லென்ஸைத் தீபாவளிக்குப் பிறகு பைக்குள் போட்டு அலமாரியில் வைத்தேன். ஈப்போ கல்லுமலைத் தைப்பூசத்துக்கு எடுக்கப் போனபோது கண்ணாடிக்குள் வெள்ளை நூல் ஓடியிருந்தது. மூன்றே மாதம். எனவே கைமாறிய லென்ஸ் பார்க்கப் போகும்போது சின்ன டார்ச் ஒன்றை எடுத்துப் போங்கள். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்புறத்திலிருந்து வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, முன்புறமாகப் பாருங்கள். தூசு புள்ளிப் புள்ளியாகத் தெரியும், அது பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி கிளை விட்டிருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். வாங்கிய பிறகு காற்றுப்புகாத சாப்பாட்டு டப்பா ஒன்று, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி. முள் 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவே நின்றால் நிம்மதியாகத் தூங்கலாம். இந்தச் செலவையும் 2,000 வெள்ளிக்குள்ளேயே கணக்கு வையுங்கள். அரிசிப் பானைக்குள் வைக்கும் யோசனையைக் கேட்காதீர்கள், மாவுத் தூசு ஜூம் வளையத்துக்குள் போய்விடும்.

ஆக, படம் மட்டும் எடுக்கிற, தனியாகத் தொடங்குகிற ஒருவர் கேட்டால் நான் டி3500ம் 35ம் என்றுதான் சொல்வேன். வீடியோவுக்குக் கைப்பேசி போதும். அவளிடமும் அதைத்தான் சொன்னேன்.

அவள் என் பையைத் திறந்தாள். "மாமா, உங்க 50, 85 ரெண்டும் கேனன்தானே?" என்றாள். கேனனின் ஈஎஃப் மவுண்ட் 1987இலிருந்து வருகிறது, ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் எவ்வளவு பழைய ஈஎஃப் லென்ஸும் 200டியில் தானாக ஃபோகஸ் ஆகும். என் லென்ஸ்கள் எட்டு நிமிட மோட்டார் சைக்கிள் தூரத்தில் இருக்கின்றன. நிக்கான் வாங்கினால் இரவல் கேட்க ஈப்போவரை போகவேண்டும். நான் காகிதத்தில் போட்ட கணக்கில் இதைச் சேர்க்கவே இல்லை. அவள் சொன்னது சரி.

200டியைக் கிட் லென்ஸோடு கைமாறியதாக வாங்கினாள், டார்ச் அடித்துப் பார்த்துத்தான். 24 மி.மீ. லென்ஸ் சேர்ந்தது. டப்பாவும் ஈரமானியும் மெமரி கார்டும் வாங்கிய பிறகு ஒரு மேனுவல் ஃபிளாஷுக்கும் காசு இருந்தது. 50 மி.மீ. என்னிடமிருந்து போனது, இன்னும் திரும்பவில்லை, நானும் கேட்கவில்லை.

போன மாதம் பெரியம்மாவை எடுத்துக்கொண்டு வந்தாள். எஃப்1.8, 1/60 நொடி, ஐஎஸ்ஓ 6400. நெற்றி விளக்கின் வட்டம் பட்டையில் விழுந்திருக்கிறது, கத்தி அப்போதுதான் இழுத்த கோட்டில் பால் வெள்ளையாக ஓடுகிறது, பெரியம்மாவின் வாய் ஓரத்தில் வெற்றிலைச் சிவப்பு. சுற்றிலும் கறுப்பு. படத்தில் மணல் மாதிரிப் புள்ளிகள் நிறைய. பெரியம்மா அதை அச்சடித்து சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.