எமுலேட்டரா, பர்ன் செய்த சிப்பா: பழைய சிவிக்கின் இசியூவில் எது தங்கலாம்?

அமெரிக்காவில் 1992 முதல் 1995 வரை விற்ற ஹோண்டா சிவிக்கின் பி28 இசியூவை (எஞ்சினை இயக்கும் கணினி) எடுத்து ட்யூனிங் செய்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள். ட்யூன் முடிந்த பிறகும் எமுலேட்டரை (சிப்பின் இடத்தில் மாட்டி லேப்டாப்பிலிருந்து திருத்த உதவும் கருவி) சாக்கெட்டிலேயே விட்டு வைக்கலாமா, அதே மேப்பை (எவ்வளவு எரிபொருள், எப்போது தீப்பொறி என்று சொல்லும் அட்டவணைகள்) ஒரு சிப்பில் பர்ன் செய்து மாட்டிவிடலாமா? இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு நான் சிப்புக்குத்தான் வந்து சேர்ந்தேன். என் முடிவுக்குக் காரணம் பவர் சப்ளை.

எமுலேட்டரின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். வண்டி ஓடும்போதே ஃபியூவல் டேபிளில் ஒரு கட்டத்தை மாற்றினால் அடுத்த நொடியே பலன் தெரியும். ட்யூன் செய்யும் நாட்களில் இதற்கு மாற்றே கிடையாது. சிப் என்றால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கழற்று, அழி, எழுது, மாட்டு என்று போகும்.

ஆனால் தினமும் காலையில் சாவியைத் திருப்பும் வண்டிக்கு இந்தக் கணக்கு மாறுகிறது. சிப் சாக்கெட்டில் 28ஆம் பின் 5 வோல்ட், 14ஆம் பின் கிரவுண்ட். ஹோண்டா அந்த இடத்தை ஒரு சின்ன ரோமுக்காக (படிக்க மட்டுமான மெமரி சிப்) வகுத்தது. 27சி256 மாதிரி சிப் சில பத்து மில்லிஆம்பியரோடு திருப்தியாகிவிடும். எமுலேட்டருக்குள்ளோ மெமரி, மைக்ரோகன்ட்ரோலர், யுஎஸ்பி எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. அதே பின்னிலிருந்து அதிகம் இழுக்கும், விழித்தெழவும் நேரம் கேட்கும்.

குளிர் காலையில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்குவது சாதாரணம். வயதான பேட்டரி, துருப்பிடித்த கிரவுண்ட், வெடித்த சால்டரோடு ஒரு மெயின் ரிலே (இசியூவுக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச்), இவையும் சேர்ந்தால் இசியூவுக்கு வந்து சேர்வது இன்னும் குறைவு. அந்த ஒரு நொடியில் 5 வோல்ட் சரிந்து எழும்போது இசியூ முதலில் எழுந்து மேப்பைத் தேடும். எமுலேட்டர் இன்னும் தயாராகவில்லை என்றால் படிப்பதெல்லாம் குப்பை. சாவி போட்டதும் 2 நொடி எரிந்து அணைய வேண்டிய செக் எஞ்சின் விளக்கு அணையாமல் நிற்கும். எஞ்சின் ஒன்று பிடிக்காது, பிடித்தாலும் இருமிக்கொண்டே ஓடும். சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் எல்லாம் சரியாக இருக்கும், அதனால் ஆட்கள் மேப்பைச் சந்தேகித்து நாள் கணக்கில் டேபிளைத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

அதற்கு முன் மல்டிமீட்டரை மின்-மேக்ஸில் (மிகக் குறைந்த, மிக அதிக அளவைப் பிடித்து வைக்கும் நிலை) வைத்து, 28க்கும் 14க்கும் இடையே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 4.75 வோல்ட்டுக்குக் கீழே போகிறதா? போனால் சந்தேகம் பவர் பக்கம். அடுத்து பேட்டரி மைனஸுக்கும் 14ஆம் பின்னுக்கும் இடையே பாருங்கள். அங்கே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் இருக்கும் கிரவுண்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். மீட்டருக்கு வேகம் போதாது என்பதால் சின்னச் சரிவுகள் அதில் தெரியாமலும் போகலாம். வேகமான வோல்ட் மாற்றத்தைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் கிடைத்தால் நல்லது.

பர்ன் செய்த சிப்பின் பெரிய உபகாரம் இங்கேதான். அதே மேப்பை சிப்பில் எழுதி மாட்டி அதே குளிரில் ஸ்டார்ட் செய்யுங்கள். ஒழுங்காக எழுந்தால் எமுலேட்டர் பக்கம்தான் கோளாறு. சிப்பும் தடுமாறினால் மெயின் ரிலே, கிரவுண்ட், பேட்டரி என்று தேடிப் போகலாம். ட்யூன் செய்பவர் ஒவ்வொருவரும் க்ளவ் பாக்ஸில் இப்படி ஒரு சிப் வைத்திருக்க வேண்டும் என்பேன்.

இன்னொரு தொல்லை லேப்டாப். சாவியை அணைத்த பிறகும் யுஎஸ்பி சொருகியே இருந்தால், சில எமுலேட்டர்களில் அந்த 5 வோல்ட் பின்வாசல் வழியாக இசியூவுக்குள் கசியும். இசியூ முழுதாக உறங்காது, அடுத்த ஸ்டார்ட்டில் ரீசெட்டும் ஒழுங்காக நடக்காது. வண்டியின் இன்வர்ட்டரில் லேப்டாப் சார்ஜ் ஏறும்போது இணைப்பு அறுந்து அறுந்து போவதும் உண்டு. லேப்டாப்பை அதன் சொந்த பேட்டரியில் ஓட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நின்றுவிடும்.

எமுலேட்டருக்குத் தனியாக ஒரு 5 வோல்ட் ரெகுலேட்டர் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். நான் அதில் அதிகம் ஓட்டியதில்லை, அதனால் கூடாது என்று சொல்ல மாட்டேன். கிரவுண்டை மட்டும் சாக்கெட்டின் 14ஆம் பின்னோடு பொதுவாக வையுங்கள், ரிப்பன் கேபிளை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குட்டையாக வையுங்கள். வார இறுதியில் டிராக்குக்குப் போகும் வண்டிக்கு இது பொருந்தலாம்.

தினசரி வண்டிக்கு நான் வைத்திருப்பது எஸ்எஸ்டி 27எஸ்எஃப்512. பழைய சிப்களைப் போல அழிக்க யுவி விளக்கு தேவையில்லை, சிப் எழுதும் ப்ரோகிராமர் கருவியிலேயே அழித்து எழுதலாம். அது 64 கிலோபைட், நம் மேப் 32தான். மேல் பாதியில் எழுத வேண்டும், கீழ் பாதியில் எழுதினால் வண்டி எழாது. கழற்றும்போது ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல் சிப் புல்லர் வைத்து நேராகத் தூக்குங்கள். அடிக்கடி மாற்றுபவர் என்றால் லீவர் வைத்த ஜிஃப் சாக்கெட் போட்டுக்கொள்ளலாம், ஆனால் இசியூ மூடி அதன் மேல் உட்காருகிறதா என்று முதலில் வைத்துப் பாருங்கள்.